அடைக்கலம் மறுத்த எழுத்து: மரீஸ் கோந்தேயின் வாழ்வும் வகுப்பறையும்

கரீபியக் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் பிறந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் பத்தாண்டுக்கு மேல் ஆசிரியராக அலைந்து, பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இலக்கியப் பேராசிரியராக விளங்கி, 2024 ஏப்ரல் 2 அன்று தென் பிரான்சில் தமது 90 வயதில் மறைந்த மரீஸ் கோந்தேயை, வேர்களைத் தேடி ஆப்பிரிக்கா சென்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் என்று ஒரே வரியில் அறிமுகம் செய்யும் வழக்கம் இலக்கியப் பக்கங்களில் நிலைபெற்றுவிட்டது. அந்த அறிமுகம் பொய்யன்று. ஆனால் அது அவருடைய வாழ்வின் முற்பாதியை மட்டும், அதுவும் அதன் முடிவை விட்டுவிட்டுச் சொல்கிறது. தேடிப் போன இடத்தில் தேடியது கிடைக்கவில்லை என்பதைக் கூச்சமின்றி எழுதியவர் அவர். அதற்குப் பிறகு பிரெஞ்சுக் குடியரசின் சமத்துவம், கறுப்பினப் பெருமிதம், ஆப்பிரிக்க சோஷலிசம், கிரியோல் அடையாளம் என்று தமக்கு அடைக்கலம் தர முன்வந்த ஒவ்வொரு கொள்கையையும், கண்டிப்பான ஆசிரியர் விடைத்தாள் திருத்துவதுபோல வரிவரியாகச் சோதித்தார். நாவலாசிரியர் கோந்தேயையும் பேராசிரியர் கோந்தேயையும் தனித்தனியே வைத்துப் படித்தால் இந்தச் சோதனையின் ஒழுங்கு புலப்படாது.

அவர் பிறந்த தீவின் வரலாறு சற்று விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. 1635இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய குவாதலூப், கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சி 1794இல் அடிமைமுறையை ஒழித்தது. நெப்போலியன் 1802இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது லூயி தெல்கிரேஸ் தலைமையில் எழுந்த எதிர்ப்பு மத்தூபா மலைச்சரிவில் வெடிமருந்தோடு தம்மையே மாய்த்துக்கொண்டவர்களின் சாவில் முடிந்தது. ஒரே மக்கள் இருமுறை விடுதலை பெற வேண்டியிருந்த வினோதம் 1848இல்தான் தீர்ந்தது. அப்போதும் அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு இழப்பீடு வழங்கிய பிரெஞ்சு அரசு, விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காணி நிலமும் தரவில்லை. நிலமற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கு மேலேறும் வழியாக எஞ்சியது பள்ளிக்கூடம் ஒன்றே. அந்தப் பள்ளிக்கூடம் பிரெஞ்சில் நடந்தது. தோட்டத்திலும் சந்தையிலும் வீட்டிலும் வழங்கிய கிரியோல், அதாவது பெரிதும் பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு அடிமைகளின் வாயில் உருவாகி வளர்ந்த தனிமொழி, அங்கே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1946இல் கவிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஏமே செசேர் முன்னின்று நிறைவேற்றிய சட்டத்தால் குவாதலூப்பும் மார்த்தினிக்கும் காலனிகள் என்ற நிலை நீங்கிப் பிரான்சின் ‘தெபார்த்மான்’ எனப்படும் நிர்வாக மாவட்டங்கள் ஆயின. இன்றும் அவ்வாறே இருக்கின்றன.

இத்தகைய தீவின் தலைமை வணிக நகரமான புவான்த்-ஆ-பீத்ரில் 1934 பிப்ரவரி 11 அன்று, எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டியாக மரீஸ் புக்கோலோன் பிறந்தார். தந்தை அரசுப் பணியிலிருந்து வங்கித் தொழிலுக்கு மாறியவர்; தாய் ழான் கிதால், அவருடைய தலைமுறையில் ஆசிரியப் பணிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்களுள் ஒருவர். தீவின் பேச்சில் ‘பெரிய கறுப்பர்கள்’ என்று பாதி மதிப்போடும் பாதி எள்ளலோடும் அழைக்கப்பட்ட சிறு வகுப்பைச் சேர்ந்தது அக்குடும்பம். வெள்ளைத் தோட்ட முதலாளிகளோடும் கலப்பின வணிகர்களோடும் கொள்வினை கொடுப்பினை இல்லாமல், ஏழைக் கறுப்பர்களையும் கிட்டே சேர்க்காமல், பிரெஞ்சு மொழி, ஒழுக்கம், படிப்பு ஆகியவற்றையே சொத்தாகக் கருதி வாழ்ந்த வகுப்பு அது. வீட்டில் கிரியோல் பேசக் கூடாது. அடிமைமுறையைப் பற்றியோ ஆப்பிரிக்காவைப் பற்றியோ எவரும் வாய் திறந்ததில்லை.

1999இல் வெளிவந்த, இளமை நினைவுகளின் நூலான ‘சிரிக்கவும் அழவும் ஓர் இதயம்’ இந்த வீட்டை வேடிக்கையும் வேதனையும் கலந்து காட்டுகிறது. விடுமுறையில் பாரிசுக்குச் செல்லும் குடும்பத்தைப் பார்த்து, இவ்வளவு நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறீர்களே என்று உணவகப் பணியாளர்கள் வியப்பதும், பணியாளர்களைவிடத் தாங்களே தேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள் என்று நம்பும் பெற்றோர் அதில் புண்பட்டுப் போவதும் அந்நூலின் மறக்கவியலாத இடங்கள். பெற்றோர் தம்மிடமிருந்தே அந்நியப்பட்டவர்கள் என்று மூத்த சகோதரர் சொல்ல, அச்சொல்லின் பொருள் புரியாமல் சிறுமி குழம்புகிறாள். பின்னாளில் அவர் எழுதிய நாவல்கள் பலவும் அந்தக் குழப்பத்துக்கான நீண்ட விளக்கவுரை என்று கொள்ளலாம். பெற்றோரை அவர் நையாண்டி செய்கிறாரேயன்றி இழிவு செய்வதில்லை. அடிமைகளின் வழிவந்த பெண் ஆசிரியையாக உயர்ந்ததில் இருந்த உழைப்பும், அந்த உயர்வுக்காகக் கொடுத்த விலையும் ஒரே பக்கத்தில் பதிவாகியிருப்பதே அந்நூலின் வலிமை.

1953இல் மேற்படிப்புக்காகப் பாரிசின் ஃபெனலோன் பள்ளிக்கு அனுப்பப்பட்டபோதுதான் அவருக்குத் தமது தீவைப் பற்றிய முதல் பாடம் கிடைத்தது. சொந்த ஊரின் புத்தகம் ஒன்றைப் பற்றி வகுப்பில் பேசும்படி ஆசிரியை கேட்க, மார்த்தினிக் எழுத்தாளர் ஜோசப் ஸோபெல் கரும்புத் தோட்டத் தொழிலாளரின் குடிசை வரிசையை மையமாக வைத்து 1950இல் வெளியிட்ட நாவலை அவர் எடுத்துக்கொண்டார். அதில் வரும் பசியும் சாட்டையும் வெட்டுக்கத்தியும் அவருக்கு முற்றிலும் புதியவை. ஆனால் வகுப்பிலிருந்த வெள்ளை மாணவிகள் அவற்றை அவருடைய சொந்த அனுபவமாகவே கேட்டனர். தாம் வாழாத வறுமையின் பிரதிநிதியாகப் பார்க்கப்படும் சங்கடம் அன்று தொடங்கி, அவர் புகழ்பெற்ற பேராசிரியரான பிறகும் விடவில்லை. செசேரின் காலனிய எதிர்ப்புக் கட்டுரையைப் படித்ததும் அக்காலத்தில்தான். கறுப்பின மக்களின் பண்பாட்டுப் பெருமையை உயர்த்திப் பிடித்து, செசேர், செனகலின் லெயோபோல்ட் செங்கோர் முதலியோர் 1930களில் தொடங்கிய ‘நெக்ரித்யூத்’ இயக்கம் அந்த மாணவிக்கு ஆப்பிரிக்காவை ஒரு தாய்வீடாகக் காட்டியது.

ஹைத்தியைச் சேர்ந்த ழான் தொமினிக்கோடு கொண்ட காதல், அவர் கைவிட்டுச் சென்றதால் மணமாகாத தாய்மையில் முடிந்தது. தொமினிக் பின்னாளில் ஹைத்தியின் புகழ்பெற்ற வானொலிப் பத்திரிகையாளராகி 2000இல் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பது வேறு கதை. கௌரவத்தை உயிராக மதித்த வகுப்பிலிருந்து வந்த இளம்பெண்ணுக்கு அந்தத் தாய்மை பெரும் வீழ்ச்சியாக இருந்தது. அதே காலத்தில் தாயும் மறைந்தார். கினி நாட்டு நடிகர் மமது கோந்தேயை அவர் 1958இல் மணந்தார். நெடுநாள் நீடிக்காத அம்மணவாழ்க்கையில் எஞ்சியது, அவர் எழுத்தாளராக உலகறிந்த குடும்பப்பெயர் மட்டுமே. 2012இல் வெளிவந்த ‘ஒப்பனையற்ற வாழ்வு’ என்னும் தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்வதுபோல, ஆப்பிரிக்கப் பயணத்துக்குக் கொள்கை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் பாரிசில் வாழ வழியற்றுப் போனதும் ஆகும். தன்வரலாறு எழுதும் அறிஞர்கள் தங்கள் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒரு தத்துவத்தை நிறுத்திவைக்கும் பழக்கத்துக்கு இது அரிய விலக்கு.

ஐவரி கோஸ்டின் பிங்கர்வில் நகரில் பிரெஞ்சு ஆசிரியராகத் தொடங்கிய பணி, அடுத்துக் கினியின் தலைநகரான கானாக்ரிக்கு அவரைக் கொண்டு சென்றது. 1958இல் பிரான்சு நடத்திய பொதுவாக்கெடுப்பில் அதன் கூட்டமைப்பில் சேர மறுத்துத் தனித்து விடுதலை பெற்ற ஒரே ஆப்பிரிக்கக் காலனி என்பதால், கினியும் அதன் தலைவர் செக்கு தூரேயும் உலகெங்கும் இடதுசாரிகளின் கண்ணுக்கு வீரத்தின் அடையாளமாக இருந்தனர். நேரில் கண்டதோ கடைகளில் உணவில்லாத வரிசைகள், ஆளும் குடும்பங்களின் ஆடம்பரம், உளவாளிகளின் நடமாட்டம். 1961இன் இறுதியில் ஆசிரியர்கள் ஊதியம் முதலியவை குறித்துக் குரல் எழுப்பியபோது, ‘ஆசிரியர் சதி’ என்று பெயரிட்டு அரசு அவர்களைச் சிறையில் தள்ளியது. மாணவர் போராட்டமும் அடக்கப்பட்டது. கானாக்ரியின் பெண்கள் பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்த கோந்தேக்கு விடுதலைக்கும் விடுதலைப் பேச்சுக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் உறைத்தது.

அங்கிருந்து குவாமே ங்க்ருமாவின் கானாவுக்குக் குழந்தைகளோடு சென்று, வின்னெபாவிலிருந்த கொள்கைப் பயிற்சி நிறுவனத்தில் பணியாற்றினார். 1966 பிப்ரவரியில் இராணுவம் ங்க்ருமாவைக் கவிழ்த்தபோது, கினியின் கடவுச்சீட்டை வைத்திருந்த காரணத்தால் உளவாளி என்ற சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். இலண்டனில் பிபிசியின் ஆப்பிரிக்கச் சேவையில் சிலகாலம் பணியாற்றிய பின் மீண்டும் ஆப்பிரிக்கா சென்றார். செனகலின் காவோலாக் நகரில் ஆசிரியராக இருந்தபோது ரிச்சர்ட் ஃபில்காக்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரைச் சந்தித்தார். பின்னர் அவருடைய இரண்டாம் கணவராகி, ஏறத்தாழ எல்லா நாவல்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் இவரே. நான்கு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, நாடுவிட்டு நாடு மாறி, பள்ளி ஊதியத்தில் காலம் தள்ளிய அந்த ஆண்டுகளில் அவர் ஒரு நாவலும் வெளியிடவில்லை. முதல் நாவல் வந்தபோது வயது 42.

அந்த முதல் நாவல் ‘ஹெரெமாக்கோனோன்’ 1976இல் வெளிவந்தது. பாரிசில் வாழும் குவாதலூப் பெண்ணான வெரோனிக்கா, அடிமைமுறையின் கறை படியாத மூதாதையரைத் தேடி, பெயர் சொல்லப்படாத மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றுக்குக் கற்பிக்க வருகிறாள். மன்னர் வழிவந்த அமைச்சர் ஒருவரிடம் காதல் கொள்கிறாள். அவருடைய ஆட்சியில் தன் மாணவன் காணாமற்போவதையும் நண்பர் சிறையில் இறப்பதையும் பார்க்க மறுத்துப் பார்க்க மறுத்து, இறுதியில் பார்க்க வேண்டியவளாகிறாள். தன்மைநிலையில், உரையாடலுக்கும் எண்ணத்துக்கும் இடையே கோடு போடாத நடையில் எழுதப்பட்ட இந்நாவலை எவரும் வரவேற்கவில்லை. ஆப்பிரிக்க சோஷலிசத்தை இழிவுபடுத்தியதாக இடதுசாரிகளும், கறுப்பின ஆணைக் கொச்சைப்படுத்தியதாகத் தேசியவாதிகளும், ஒழுக்கமற்ற நாயகியைப் படைத்ததாகச் சொந்தத் தீவினரும் கண்டித்தனர். பாத்திரத்தின் குருட்டுத்தனத்தை ஆசிரியரின் குருட்டுத்தனமாகப் படித்த இந்த விமர்சனங்கள் இன்று நகைப்புக்குரியனவாகத் தோன்றலாம். ஆனால் நாவல் சில மாதங்களிலேயே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. நாயகி இரங்கத்தக்கவளாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிய கதை அவர்களுக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அவர் அன்றே உடைத்தார்.

ஏறத்தாழ அதே நேரத்தில் பாரிசில், கறுப்பினப் பாத்திரங்கள் கரீபிய இலக்கியத்தில் எவ்வாறு வார்ப்புகளாகச் சித்திரிக்கப்படுகின்றன என்பதை ஆராய்ந்து ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ‘பிரசான்ஸ் ஆஃப்ரிக்கேன்’ பதிப்பகத்தில் பணியாற்றினார். பாரிஸ் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். 1979இல் வெளிவந்த ‘பெண்களின் பேச்சு’ என்ற அவருடைய ஆய்வு நூல், பிரெஞ்சில் எழுதிய கரீபியப் பெண் நாவலாசிரியர்களை ஒரு மரபாக வைத்துப் பார்த்த முன்னோடி முயற்சி. செசேரின் நெடுங்கவிதைக்கு மாணவர்களுக்கான வழிகாட்டி எழுதியவரும் அவரே. அந்தக் கவிஞர்மீது மாறாத மதிப்பு வைத்துக்கொண்டே, கறுப்பர் அனைவருக்கும் பொதுவான ஓர் உள்ளியல்பு உண்டு என்ற நெக்ரித்யூத் கருத்து, ஐரோப்பியர் உண்டாக்கிய ‘கறுப்பர்’ என்ற வகையையே தலைகீழாக ஏற்றுக்கொள்வது என்று வாதிட்டார். ஆய்வேட்டில் வார்ப்புகளைப் பற்றி எழுதியவர், நாவலில் வார்ப்புக்குள் அடங்காத பெண்ணைப் படைத்தார் என்ற தொடர்பு தற்செயலானதன்று.

அவரை உலகப் புகழுக்குக் கொண்டுவந்த ‘செகு’ 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. இன்றைய மாலி நாட்டில் நைஜர் ஆற்றங்கரையில் தழைத்த பம்பாரா அரசின் தலைநகரமே செகு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, அரசவைப் பிரபு ஒருவரின் நான்கு மகன்கள் வழியாக, இஸ்லாமின் பரவல், அட்லாண்டிக் அடிமை வணிகம், பிரேசில் தோட்டங்கள், கிறித்தவ மதமாற்றம் ஆகியவற்றை அந்நாவல் தொடர்ந்து செல்கிறது. வாய்மொழி வரலாற்றையும் ஆவணங்களையும் படித்த ஆய்வாளரின் கை ஒவ்வோர் அத்தியாயத்திலும் தெரிகிறது. நூல் பெரும் விற்பனை கண்டபோதும், பொற்காலத்தைப் பாடும் காவியத்தை எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றமே. ஏனெனில் அங்கே ஆப்பிரிக்கர் அடிமைகளை வைத்திருக்கின்றனர், விற்கின்றனர், மதத்தின் பெயரால் ஒருவரையொருவர் அழிக்கின்றனர். மூதாதையரைக் கண்டடைந்தவர் அவர்களை வழிபட மறுத்த நூல் இது.

அமெரிக்க வகுப்பறை

கரீபிய எழுத்தாளர்கள் பலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இலக்கியம் கற்பித்தவர்கள். செயின்ட் லூசியாவின் டெரெக் வால்காட் பாஸ்டனிலும், மார்த்தினிக்கின் எதுவார் கிளிசான் லூசியானாவிலும் நியூயார்க்கிலும், ஜமைக்காவின் சில்வியா வின்டர் ஸ்டான்ஃபோர்டிலும், ஆன்டிகுவாவின் ஜமைக்கா கின்கெய்டு ஹார்வர்டிலும் பணியாற்றினர். சில இலட்சம் மக்களே வாழும் தீவுகளில் பதிப்புத் தொழிலும் வாசகச் சந்தையும் மிகச் சிறியவை என்பது இதற்கு ஒரு காரணம். பிரெஞ்சுத் தீவுகளுக்கு மற்றொரு காரணமும் உண்டு. பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சில் எழுதப்படும் இலக்கியத்தைக் குறிக்கும் ‘ஃபிராங்கோஃபோன் இலக்கியம்’ பாரிசின் பாடத்திட்டங்களில் ஓரத்தில் கிடந்த காலத்தில், அமெரிக்கப் பிரெஞ்சுத் துறைகள் அதை நடுவே கொண்டுவந்தன. 1985இல் ஃபுல்பிரைட் நல்கையில் லாஸ் ஏஞ்சலிசுக்குச் சென்ற கோந்தே, பின்னர் பெர்க்லி, வர்ஜீனியா, மேரிலாந்து, ஹார்வர்டு எனப் பல இடங்களில் கற்பித்து, 1995இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே பிரெஞ்சு, ஃபிராங்கோஃபோன் ஆய்வு மையம் ஒன்றை நிறுவித் தலைமை தாங்கினார். இந்தத் துறையின் பாடங்களை வகுத்த முதல் தலைமுறையில் அவருக்கு உரிய இடம், நாவலாசிரியர் என்ற புகழின் நிழலில் மறைந்து கிடக்கிறது.

அமெரிக்காவின் நூலகங்களில்தான் ‘நான், தித்துபா: சேலத்தின் கறுப்புச் சூனியக்காரி’ பிறந்தது. இந்தச் சேலம் மாசசூசெட்ஸில் உள்ளது. அங்கு 1692இல் நடந்த சூனிய விசாரணைகளில் முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் தித்துபா என்னும் அடிமைப் பெண்ணும் ஒருவர். விசாரணை ஆவணங்களில் அவருடைய வாக்குமூலம் இருக்கிறது; பிற்கால வாழ்வு பற்றி ஏறத்தாழ ஒன்றுமில்லை. 1986இல் வெளிவந்த நாவல் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது: பார்படோசில் பிறப்பு, மூலிகை அறிவு, காதல், சிறை, திரும்புதல், கலகம். அமெரிக்கப் பதிப்புக்குக் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் ஆஞ்சலா டேவிஸ் முன்னுரை எழுத, பல்கலைக்கழகங்களில் அது மீட்கப்பட்ட வரலாறாகவும் பெண்ணியக் காவியமாகவும் பாடமாயிற்று. கோந்தே அந்த மரியாதையை முழுமையாக ஏற்கவில்லை. தாம் எழுதியது பாதி நையாண்டி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நத்தானியேல் ஹாதார்னின் நாவலிலிருந்து ஹெஸ்டர் பிரினைக் கொண்டுவந்து சிறைக்கூடத்தில் தித்துபாவோடு இருபதாம் நூற்றாண்டுப் பெண்ணியம் பேசவைத்தது அந்தக் கேலியின் வெளிப்படையான அடையாளம். வீரப்பெண்ணைத் தேடும் வாசகர் அந்தச் சிரிப்பைக் கேட்பதில்லை. தமது நூல் தமது வகுப்பறைகளிலேயே தவறாகப் படிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் என்ற வகையில் அவருடைய நிலை விசித்திரமானது.

சதுப்பு நிலமும் புதுச்சேரிக் கப்பல்களும்

‘செகு’வின் வெற்றிக்குப் பிறகு 1986இல் குவாதலூப்பில் வீடமைத்துக் குடியேறிய கோந்தே, தீவின் விடுதலையை ஆதரித்தார், விடுதலைக் கட்சியின் பட்டியலில் தேர்தலிலும் நின்று தோற்றார். அக்காலத்தில் எழுதப்பட்ட ‘சதுப்புக்காட்டைக் கடத்தல்’ (1989) அவருடைய நாவல்களில் கலையமைதி மிக்கது. ரிவியேர்-ஓ-செல் என்ற சிற்றூரில் சேற்றில் முகம் புதைந்து இறந்துகிடக்கிறான் பிரான்சிஸ் சான்ஷெர் என்னும் அந்நியன். அவன் சடலத்தைச் சுற்றி ஓர் இரவு விழித்திருக்கும் ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் பார்வையில் அவனை நினைக்கின்றனர். அவன் யார், எங்கிருந்து வந்தான், எப்படி இறந்தான் என்பவை விடியும்வரை தெளிவதில்லை. ஆனால் அவனை நினைக்கும் சாக்கில் ஊரின் சாதி போன்ற நிறப்படிநிலைகள், பொறாமைகள், ஒடுங்கிய ஆசைகள் யாவும் வெளிப்படுகின்றன. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஹைத்தியிலிருந்து வந்த கூலித் தொழிலாளி, தோல்வியுற்ற எழுத்தாளர், நாற்றங்கால் முதலாளி ஆகியோரோடு ராம்சரண் என்ற இந்தியக் குடும்பமும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. மகள் வில்மா அந்நியனோடு சென்று வாழ்ந்தவள். தாய் ரோசாவின் நினைவோட்டம் நாவலின் துயரமான பகுதிகளில் ஒன்று.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் நின்று பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அடிமைமுறை ஒழிந்தபின் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது, பிரெஞ்சு முதலாளிகள் புதுச்சேரியையும் காரைக்காலையும் நாடினர். ‘ஒரேலி’ என்ற முதல் கப்பல் 1854 டிசம்பர் இறுதியில் புவான்த்-ஆ-பீத்ரை அடைந்தது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள்சேர்ப்பு நடந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைக்கக் கைநாட்டு வைத்தவர்களாக, குவாதலூப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். விடுதலை பெற்ற கறுப்பினத் தொழிலாளரின் கூலிப் பேரத்தை முறிக்கவே இறக்கப்பட்டவர்கள் என்பதால் அவர்கள்மீது ஏவப்பட்ட வெறுப்பு நெடுங்காலம் நீடித்தது. தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வேண்டி ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல்தான் வெற்றி கண்டது. மாரியம்மன் வழிபாடு அங்கு இன்றும் நடக்கிறது.

கோந்தேயின் நாவலில் இந்த மக்கள் தாயகம் ஏங்கும் அலங்காரப் பாத்திரங்களாக வருவதில்லை. நிலம் சேர்த்தும் மரியாதை சேராத அண்டை வீட்டாராக வருகின்றனர். ராம்சரண் என்பது வடஇந்தியப் பெயர், புதுச்சேரிக் கப்பல்களில் வந்தவர்களின் பெயர் அன்று என்று குறை சொல்ல இடமுண்டு. ஆனால் கல்கத்தாவிலிருந்தும் ஆட்கள் சென்றனர் என்பதால் அது பிழையாகாது. 1995இல், எமிலி பிராண்டேயின் ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவலைக் கரீபியத்துக்குப் பெயர்த்து அவர் எழுதிய ‘இதயங்களின் இடப்பெயர்ச்சி’யிலும், கதைநாயகன் கறுப்பனா இந்தியக் கலப்புள்ளவனா என்று ஊர் ஐயப்படும்படி படைத்தார். பிரெஞ்சுத் தீவுகளின் வரலாற்றைக் கறுப்பு–வெள்ளைக் கணக்காக மட்டும் பார்க்காத எழுத்தாளர்கள் மிகச் சிலர். அவர்களில் இவர் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர்.

சதுப்பு நாவல் வெளிவந்த அதே 1989இல், மார்த்தினிக்கைச் சேர்ந்த பத்திரிக் ஷாமுவாசோ, ரஃபாயேல் கோன்ஃபியான், ழான் பெர்னபே மூவரும் ‘கிரியோலித்தே’ என்ற அறிக்கையை வெளியிட்டனர். ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், ஆசியர் ஆகிய எவராகவும் தம்மைக் கருதாமல், தோட்டங்களில் பிறந்த கலப்புப் பண்பாட்டின் மக்களாகத் தீவினர் தம்மை உணர வேண்டும்; எழுத்து கிரியோல் வாய்மொழியில் வேரூன்ற வேண்டும் என்பது அதன் சாரம். கலப்பை எவரைவிடவும் நன்கு காட்டிய கோந்தே இந்த அறிக்கையோடு உடன்படவில்லை. எழுத்தாளர் எந்த மொழியில், எந்தப் பொருளில், எந்த நிலத்தில் எழுத வேண்டும் என்று விதி செய்வது பழைய காலனியப் பள்ளியின் மற்றொரு வடிவம் என்றார். பெண்களின் எழுத்துக்கு அந்த விதிகளில் இடமில்லை என்பதையும் சுட்டினார். தாம் எழுதுவது பிரெஞ்சிலும் அன்று, கிரியோலிலும் அன்று, மரீஸ் கோந்தே என்ற மொழியில் என்று அவர் சொன்ன விடை பலரும் எடுத்தாள்வது. கிரியோல் பேச வாய்ப்பூட்டுப் போடப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு வேறு விடை சாத்தியமில்லை என்று எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. அந்த உண்மையை அவர் மறைக்கவுமில்லை.

2006இல் வெளிவந்த ‘விக்துவார்’ அதற்குச் சான்று. தாயின் தாயான விக்துவார், மரி-கலாந்த் தீவில் பிறந்து, புவான்த்-ஆ-பீத்ரின் வெள்ளைக் குடும்பம் ஒன்றில் சமையற்காரியாக உழைத்து, எழுதப் படிக்கத் தெரியாமல், கிரியோல் தவிர வேறு மொழி அறியாமல், பேத்தி பிறக்கும் முன்பே இறந்தவர். அவருடைய உழைப்பில் படித்து ஆசிரியையான மகள், தாயின் கிரியோலைக் கண்டு கூசினாள். ஒரு கையெழுத்தும் விட்டுச் செல்லாத அந்தப் பாட்டியை, பதிவேடுகளையும் செவிவழிச் செய்திகளையும் சமையல் நினைவுகளையும் கற்பனையையும் கொண்டு பேத்தி மீட்டெடுக்கிறார். பாட்டியின் சமையலும் தமது எழுத்தும் ஒரே படைப்பாற்றலின் இரு வெளிப்பாடுகள் என்பது நூலின் துணிவான வாதம். ஆய்வாளர், நாவலாசிரியர், குடும்பத்தின் கடைசிப் பெண் ஆகிய மூவரும் ஒருசேர எழுதிய நூல் இது. அவரை முதன்முதலில் படிப்பவர்கள் ‘செகு’வைவிட இதிலிருந்து தொடங்குவதே நன்று.

பிரெஞ்சு நாடாளுமன்றம் அடிமை வணிகத்தையும் அடிமைமுறையையும் மானுடத்துக்கு எதிரான குற்றமாக 2001இல் சட்டத்தால் அறிவித்தது. அச்சட்டத்தின் தொடர்ச்சியாக அமைந்த அடிமைமுறை நினைவுக் குழுவுக்கு 2004 முதல் 2008 வரை தலைமை ஏற்றவர் கோந்தே. அக்குழுவின் பரிந்துரையால்தான் மே 10ஆம் நாள் 2006 முதல் பிரான்சு முழுவதும் நினைவுநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தீவின் விடுதலையை வேண்டியவர் பிரெஞ்சு அரசின் குழுவுக்குத் தலைமை தாங்கியதை முரண்பாடு என்றவர்கள் இருந்தனர். தம் வீட்டில் ஒருபோதும் பேசப்படாத சொல்லைப் பிரெஞ்சுப் பள்ளிகளின் பாடத்தில் ஏற்றிய வேலை, அந்த முரண்பாட்டைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பயனுள்ளது.

2018இல் ஸ்வீடிஷ் அகாதெமி பாலியல் முறைகேட்டுச் சர்ச்சையில் சிக்கி இலக்கிய நோபலை ஒத்திவைத்தபோது, மாற்றாக ஏற்படுத்தப்பட்ட புதிய அகாதெமிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நரம்பு நோயால் கையும் பார்வையும் தளர்ந்த நிலையில் இறுதி நாவலை வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். அதன் ஆங்கில ஆக்கம் 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 89. இப்பட்டியல்களைக் கொண்டு அவருடைய எல்லா நூல்களும் ஒரே தரத்தவை என்று கருத வேண்டியதில்லை. பயங்கரவாதத்தைப் பொருளாகக் கொண்ட ‘இவான், இவானா’ (2017) முதலிய பிற்கால நாவல்களில் நிகழ்ச்சிகள் நம்பகத்தை மீறிக் குவிகின்றன. பாத்திரங்கள் கருத்தின் சுமையில் மெலிகின்றன. 1976 முதல் 1997 வரை, ‘ஹெரெமாக்கோனோன்’ தொடங்கித் தாய்–மகள் உறவின் புதிரை ஆராயும் ‘தெசிராதா’ முடிய, எழுதப்பட்டவையே அவருடைய நிலைத்த சாதனை.

புதுச்சேரியில் பிரெஞ்சு இன்றும் கற்பிக்கப்படுகிறது, வெ. ஸ்ரீராம் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலைப் பிரெஞ்சிலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்த முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. ‘சதுப்புக்காட்டைக் கடத்தல்’, ‘விக்துவார்’ ஆகிய இரண்டையுமாவது ஆங்கிலத்தின் துணையின்றி மூலத்திலிருந்து மொழிபெயர்க்கும் பணியைத் தமிழ்ப் பதிப்பகங்களும் பல்கலைக்கழகப் பிரெஞ்சுத் துறைகளும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டும். காரைக்காலிலிருந்து கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேரர்கள் வாழும் தீவின் கதையை அவர்களுடைய அண்டை வீட்டுப் பெண் எழுதியிருக்கிறார், அதைத் தமிழர் தமிழில் படிப்பதே முறை.